பின்கதவின் எழுத்து சாட்சியாகுமா?

பழைய மோட்டார் வண்டி வாங்கப் போகிறவர், அதன் வர்ணத்தையும் ஓடிய கிலோமீட்டரையும் விசாரிப்பதில் காட்டும் சிரத்தையில் கால்பங்குகூட, அது தொழிற்சாலையிலிருந்து எந்த வேரியண்டாக வெளிவந்தது என்பதை அறிவதில் காட்டுவதில்லை. 2005 மே மாதம் நம் நாட்டில் அறிமுகமான மாருதி ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்வோம். எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ என்ற மூன்றுக்கும் 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றே. உருவமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் முன் ஆசனங்களுக்கான ஏர்பேக்குகள் இசட்எக்ஸ்ஐயில்தான் இருந்தன, ஏ.பி.எஸ். பிரேக்கோ அதில் உடன் வந்தது, விஎக்ஸ்ஐயில் தனியே பணம் கட்டியவர்களுக்கே கிடைத்தது. ஓட்டுநர் ஏர்பேக் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான் என்பதால், அதற்கு முந்தைய வண்டியில் வேரியண்டின் பெயர் உயிரைப் பற்றிய விஷயமாகிவிடுகிறது.

டிக்கிக் கதவில் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்ப வேண்டாம். உதிரிபாகக் கடையில் அது சொற்ப விலைக்குக் கிடைக்கும். ஆர்.சி. புத்தகத்திலும் பழைய இன்ஷூரன்ஸ் பத்திரத்திலும் உள்ள மாடல் பெயரை ஒப்பிடுங்கள். விருப்பத்தின்பேரில் சேர்த்த ஏ.பி.எஸ். போன்றவற்றுக்கு முதல் இன்வாய்ஸைக் கேளுங்கள்; சேசிஸ் எண்ணைக் கொண்டு கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் விசாரியுங்கள். பிறகு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால், ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்குகள் எரிந்து சில விநாடிகளில் தாமாகவே அணைய வேண்டும். எரியவே இல்லையெனில் அந்த வசதி இல்லை, அல்லது விபத்தில் வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கை மறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு. எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கோடு சேர்ந்தே அவை அணைந்தால், ஒயரை அதனுடன் இணைத்து ஏமாற்றியிருக்கக் கூடும்.

இத்தனை பரீட்சை எதற்கு என்று கேட்கலாம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, வஞ்சனையாலோ தவறான கூற்றாலோ பெற்ற சம்மதத்தால் உண்டான ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையை வாங்கியவருக்குத் தருகிறது. ஆனால், தவறான கூற்றோ வஞ்சகமான மௌனமோ காரணமாயிருந்து, சாதாரண ஜாக்கிரதையால் உண்மையை அறிந்திருக்க முடியுமாயின், அந்த உரிமை அவருக்கு இல்லை. ஆகவே சோதனை செய்யாதவர் பணத்தை இழப்பதோடு, வழக்கின் பலத்தையும் தம் கையாலேயே குறைத்துக்கொள்கிறார்.

விற்றவர் பழைய வண்டி வியாபாரியாக இருந்து, வண்டியும் உங்கள் சொந்த உபயோகத்துக்காக இருந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரையானால் மனுவுக்குக் கட்டணமில்லை. விற்றவர் தனி நபரானால் சிவில் நீதிமன்றமே வழி. அது நீண்ட வழி.

எவரிடம் வாங்கினாலும், முன்பணம் கொடுக்குமுன் வேரியண்டின் பெயரையும், ஏர்பேக், ஏ.பி.எஸ். உண்டா இல்லையா என்பதையும் விற்பவர் கையொப்பத்துடன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வியாபாரியிடம் ஏமாந்துவிட்டீர்களானால் தாமதியாமல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.