பழைய ஆர்கான் வெல்டிங் மிஷின் வாங்கப் போறீங்களா?



தையல், கறவை மாடு, பலகாரம் என்று தொழில் செய்துவந்த நம் குழுக்களில் இப்போது வெல்டிங் கற்கும் பெண்களும் இருக்கிறார்கள். ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. 8-ம் வகுப்பு தேறியவர்கள் சேரலாம். படித்து முடித்த பெண், கை பழக சொந்த மிஷின் வேண்டும் என்று நினைப்பார். புதியதற்குப் பணம் பத்தாது. "செகண்ட் ஹேண்டுல ஒண்ணு வருது அக்கா, குழுவுல கடன் கொடுங்க" என்று கேட்பார்.

தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் மிஷின் நின்றுபோனாலும் தவணை நிற்காது. ஆகவே பணம் கொடுக்கும் முன்பு பார்க்க வேண்டியவற்றைத் தெரிந்துகொள்வோம்.

ஆர்கான் வெல்டிங் என்றால் என்ன?

பட்டறையில் ஆர்கான் வெல்டிங் என்று சொல்வதுதான் டிக் வெல்டிங். ராடு வெல்டிங்கில் ராடே உருகி ஒட்டும். இதில் டார்ச்சின் முனையில் டங்ஸ்டன் ஊசி இருக்கும். அதிலிருந்து வரும் மின்சார வெப்பம் தகட்டை உருக்கும். மறு கையால் ஃபில்லர் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். உருகும் இடத்தில் காற்று படாமல் ஆர்கான் வாயு காக்கும். எவர்சில்வர் கேட், மாடிப்படி கைப்பிடி, ஓட்டல் அடுப்பு மேடை போன்ற வேலைகளுக்கு இது ஏற்றது.

எந்த மிஷின் நமக்குப் போதும்?

"400 ஆம்பியர் மிஷின், சல்லிசா தர்றேன்" என்பார்கள். ஏமாறாதீர்கள். அவ்வளவு பெரிய மிஷினுக்குப் பெரும்பாலும் த்ரீ பேஸ் மின்சாரம் வேண்டும். தகடு 1 மி.மீ. கனத்துக்குச் சுமார் 40 ஆம்பியர் என்பது பொதுவான கணக்கு. 2 மி.மீ. எவர்சில்வருக்கு 80 ஆம்பியருக்குள் வேலை முடியும். ஆகவே சிங்கிள் பேஸில் ஓடும் 200 ஆம்பியர் டி.சி. இன்வெர்ட்டர் மிஷின் தாராளம்.

காயில் சுற்றிய பழைய ஏ.சி. ராடு வெல்டிங் பெட்டியில் எவர்சில்வர் டிக் வேலை பழக முடியாது. ஏ.சி., டி.சி. இரண்டும் உள்ள மிஷின் அலுமினியத்துக்குத் தேவை. விலையும் கூடுதல். முதலில் பழகுகிறவருக்கு அது வேண்டாம்.

"ஹெச்.எஃப். ஸ்டார்ட் இருக்கா?" என்று கட்டாயம் கேளுங்கள். இது இருந்தால் ஊசி தகட்டைத் தொடாமலே, பட்டனை அழுத்தியதும் பற்றிக்கொள்ளும். இல்லாவிட்டால் உரசிப் பற்ற வைக்க வேண்டும். ஊசி முனை அடிக்கடி கெடும். புதிதாகப் பழகுகிறவருக்கு மனம் விட்டுப்போகும்.

கையோடு சோதிக்க வேண்டியவை

போகும்போது 2 மி.மீ. எவர்சில்வர் துண்டு ஒன்றைக் கையில் கொண்டு போங்கள். பயிற்சி தந்த ஆசிரியரையோ தெரிந்த வெல்டரையோ கூட அழைத்துப் போங்கள்.

1. பட்டனை 10 முறை அழுத்துங்கள். 10 முறையும் பற்ற வேண்டும்.

2. ஆம்பியரை 20-க்குக் குறைத்தாலும் அணையாமல் எரிய வேண்டும்.

3. பட்டனை விட்ட பிறகும் வாயு சில விநாடி வர வேண்டும். சூடான ஊசியைக் காப்பது அதுதான்.

4. பற்றவைத்த இடம் வெள்ளியாகவோ வைக்கோல் நிறமாகவோ இருந்தால் நல்லது. கருத்துப் போனால் வாயு சரியாக வரவில்லை. குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு.

5. 100 ஆம்பியரில் சில நிமிடம் தொடர்ந்து ஓட்டுங்கள். ஃபேன் சுற்றுகிறதா, கருகல் வாசனை வருகிறதா என்று பாருங்கள்.

6. பெயர்த் தகட்டில் "டியூட்டி சைக்கிள் 60%" என்று இருந்தால், அந்த ஆம்பியரில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம் வேலை, 4 நிமிடம் ஓய்வு என்று அர்த்தம்.

7. அந்தக் கம்பெனி மிஷினுக்கு, நம் பக்கத்து ஊரில் கார்டு ரிப்பேர் செய்கிறவர் உண்டா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

மிஷின் விலை மட்டும் கணக்கல்ல

சிலிண்டர், ரெகுலேட்டர், டார்ச், ஊசி, ஃபில்லர் கம்பி, ஹெல்மெட், கையுறை எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். 7 கன மீட்டர் சிலிண்டரில் 7,000 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் 14 மணி நேரத்துக்கு மேல் எரிக்கலாம். 1.5 கன மீட்டர் சின்ன சிலிண்டர் 3 மணி நேரம்தான் வரும். ஆர்கானுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு போட்டால் ஊசி எரிந்துவிடும்.

பிறகு புது மிஷின் விலையையும் கேளுங்கள். வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால், வாரண்டியோடு புதியதே மேல்.

மின்சாரமும் பாதுகாப்பும்

எர்த் இல்லாத பிளக்கில் மாட்டக் கூடாது. விவசாய இலவச மின்சாரத்தை எடுக்கவே கூடாது. வருமானத்துக்காகச் செய்யும்போது வீட்டு இணைப்பு செல்லாது. மின்வாரிய அலுவலகத்தில் தொழில் இணைப்பு கேளுங்கள். நைலக்ஸ் புடவை, துப்பட்டா வேண்டாம். முழுக்கைப் பருத்திச் சட்டை போடுங்கள். வெறும் கண்ணால் வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது, குழந்தைகளை அருகில் விடக் கூடாது. காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். ஹெச்.எஃப். மிஷின் அருகே இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வரக் கூடாது. சிவப்பு முனை ஊசியில் தோரியம் உள்ளது. சாணை பிடிக்கும் தூசி உடம்புக்கு ஆகாது. சாம்பல் முனை, தங்க முனை ஊசி கேட்டு வாங்குங்கள்.

குழு என்ன செய்யலாம்?

கடன் தீர்மானம் போடும்போதே, "மிஷினை ஓட்டிப் பார்த்த பிறகே பணம்" என்று எழுதிக்கொள்ளுங்கள். உறுப்பினர்கள் இருவர் கூடப் போகட்டும். மிஷின் எண், விலை, தேதி எழுதிய ரசீதில் விற்பவர் கையெழுத்து வாங்குங்கள். 15 நாளில் பழுதானால் திரும்ப எடுப்பாரா என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

மாடு வாங்கும்போது பல்லைப் பார்க்கிறோம், மடியைப் பார்க்கிறோம், கறந்தும் பார்க்கிறோம். மிஷினுக்கும் அதே விழிப்பு இருந்தால், நம் பெண் கற்ற தொழிலும் நிலைக்கும், குழுவின் பணமும் தவணை தவறாமல் திரும்பி வரும்.