உத்தி பிரித்த கதை

சிறு பிராயத்தில் ஊர்த் திடலில் சடுகுடு ஆடியவர்களுக்கு, உத்தி பிரிப்பது என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஏறக்குறைய ஒரே பலமுள்ள இரண்டு பையன்கள் தோளில் கை போட்டுக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் போவார்கள். ஒருவன் புலி, மற்றவன் சிங்கம் என்று இரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, "புலி வேண்டுமா, சிங்கம் வேண்டுமா?" என்று தலைவனைக் கேட்பார்கள். எவன் புலி என்பது கேட்டு முடித்த பிறகுதான் தலைவனுக்குத் தெரியும். ஆகையால், யாரையும் குறை சொல்ல இடமிராது.

2017-ம் வருஷம் ஜூலை மாதம் 23-ந் தேதி மும்பையில் ஓர் உத்தி பிரித்தல் நடந்தது. இந்தியன் சூப்பர் லீக் பந்தயத்தில் ஆடும் பத்துக் கால்பந்துக் கோஷ்டிகள் கூடி, இந்திய ஆட்டக்காரர்களை முறை வைத்துப் பொறுக்கி எடுத்தன. இங்கே இரகசியம் கிடையாது. ஒவ்வொருவருக்கும் விலை முன்னதாகவே எழுதி வைத்திருந்தது. அனஸ் எடத்தொடிகா, யூஜின்சன் லிங்டோ ஆகிய இருவருக்குந்தான் உச்ச விலை. ஆளுக்கு 1 கோடியே 10 லட்சம். ஆளையும் பார்த்து, விலையையும் பார்த்து எடுத்தபடியால், பின்னால் பழி வந்தால் அது எடுத்தவர்களையே சேரும்.

அந்த வருஷம் விதியும் மாறியிருந்தது. அதுவரை மைதானத்தில் ஒரு தரப்பில் ஆறு வெளிநாட்டாரும் ஐந்து இந்தியரும் ஆடலாம். இனி வெளிநாட்டார் ஐவருக்கு மேல் கூடாது. இந்தியர் அறுவராவது இருக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம்! ஆனால் அந்த ஆறாவது இந்தியர் யார் என்பதில்தான் பல கோஷ்டிகளின் தலையெழுத்து அடங்கியிருந்தது.

நமது சென்னையின் எஃப்.சி. என்ன செய்தது? பழைய கோஷ்டிகள் மூத்தவர்களில் இருவரைத்தான் தம்மோடு வைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. டில்லிக் கோஷ்டி ஒருவரையும் வைத்துக்கொள்ளவில்லை. சென்னை, கோல் போடுவதற்கு மிஜோராமின் ஜெஜே லால்பெக்லுவாவையும், கோல் காப்பதற்குப் பஞ்சாபின் கரண்ஜித் சிங்கையும் விடாமல் பிடித்துக்கொண்டது. இளைஞர்களில் அனிருத் தாபாவும் ஜெர்ரி லால்ரின்சுவாலாவும் தங்கினார்கள். வீட்டை இடித்துக் கட்டினாலும் வாசற்காலையும் உத்தரத்தையும் காப்பாற்றி வைப்பது போலச் செய்தார்கள் என்பது என் அபிப்பிராயம். பிறகு பொறுக்கி எடுத்தவர்களில் மணிப்பூரின் தோய் சிங் ஒருவர். 2015-ல் ஏலம் போட்டு 86 லட்சத்துக்கு எடுத்த அதே தோய் சிங்! விக்ரம்ஜித் சிங், பிரான்சிஸ் பெர்னாண்டஸ், முகம்மது ரஃபி, ஜெர்மன்பிரீத் சிங் என்று ஜாபிதா நீண்டது.

தாம்பரத்தில் எங்கள் தெருவில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கமெல்லாம் தண்ணீரில் கிடந்தபோது, சென்னையில் நடக்க வேண்டிய அரை இறுதி ஆட்டம் புனாவுக்குப் போயிற்று. மாடிப்படியில் உட்கார்ந்து அந்தச் செய்தியைக் கேட்டவர் அவர். அதே மாதம் 20-ந் தேதி சென்னை கோவாவை அதன் சொந்த ஊரிலேயே 3–2 என்று வென்று கோப்பை வாங்கியபோது, வீட்டுச் சேற்றை வாரிக்கொண்டிருந்தாராம். அத்தகையவருக்கு 2017-ம் வருஷத்து ஜாபிதா திருப்தி அளிக்கவில்லை.

"எல்லாம் சரி ஸார்! சென்னை என்று பெயர் வைத்திருக்கிறார்களே, இதில் நம் ஊர்ப் பிள்ளை எத்தனை பேர்?" என்று கேட்டார்.

வியாசர்பாடி தனபால் கணேஷின் பெயரைச் சுட்டிக் காட்டினேன். "ஒருவர்தானே? நந்தகுமாரை டில்லிக்காரன் அல்லவா கொண்டுபோனான்?" என்றார். சேகர் நந்தகுமார் சென்னைப் பையன். சென்னை சிட்டி கோஷ்டியில் ஆடியவர். அவரை எடுத்தது டில்லி டைனமோஸ். எனக்குப் பதில் தோன்றவில்லை.

அந்த வருஷம் புதிதாக வந்த பயிற்சியாளர் ஜான் கிரெகரி. 2000-ம் வருஷம் ஆஸ்டன் வில்லாவை இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் வரையில் கொண்டு சென்றவர். வெளிநாட்டாரில் போர்ச்சுகலின் ஹென்ரிக் செரெனோவும் பிரேசிலின் மைல்சன் ஆல்வெசும் பின்வரிசையில் நின்றார்கள். முதல் ஆட்டம் நவம்பர் 19-ந் தேதி, நேரு ஸ்டேடியத்தில். கோவா மூன்று கோல் போட்ட பிறகுதான் நம்மவர்கள் விழித்துக்கொண்டு இரண்டைத் திருப்பினார்கள். பார்க் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரும் மின்சார ரயிலில் அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒரே மாதத்தில் காற்று திரும்பியது. டிசம்பர் 17-ந் தேதி பெங்களூரில் ஆட்டம். 85-வது நிமிஷத்தில் சுனில் சேத்ரி கோல் போட்டுச் சமன் செய்தார். மூன்றே நிமிஷம்; வியாசர்பாடிக் கணேஷ் அடித்த கோலில் வெற்றி நம்முடையது! அரை இறுதியில் கோவாவைச் சென்னையில் 3–0 என்று மடக்கியபோதும் ஜெஜே இரண்டு, கணேஷ் ஒன்று. வைத்துக்கொண்டவரும் பொறுக்கி எடுத்தவரும் சேர்ந்து முடித்த வேலை அது. 2018 மார்ச் 17-ல் பெங்களூர்க் கண்டீரவா மைதானத்தில் இறுதி ஆட்டம். அங்கே மைல்சன் தலையால் முட்டிய இரண்டு கோலும் ரபேல் அகஸ்டோவின் ஒரு கோலுமாக 3–2. இரண்டாவது கோப்பை!

இதோடு நிறுத்திவிட்டால் பொறுக்கியவர்களுக்கு முழு மார்க்குப் போட்டுவிடலாம். மறு வருஷத்தையும் பார்த்தாக வேண்டியிருக்கிறது. கோப்பையைத் தூக்கிய தலைவர் செரெனோ போய்விட்டார். கணேஷ் முழங்கால் காயத்தால் அந்தப் பருவம் முழுதும் வெளியே. அந்த இரண்டு இடங்களிலும் சரியான மாற்று ஆள் நிற்கவில்லை. 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, 9 புள்ளி. பத்துக் கோஷ்டிகளில் பத்தாவது. முதல் பதினொருவரைத் தேர்ந்தெடுத்ததில் இருந்த கூர்மை, பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது ஆளைத் தேடுவதில் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

அதே பருவத்தில், 2019 மார்ச்சு மாதம், கோயமுத்தூரில் ஆடிக்கொண்டிருந்த சென்னை சிட்டி கோஷ்டி ஐ-லீக் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போயிற்று. அதில் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர். பெரியவர் அன்று காலையிலேயே பத்திரிகையும் கையுமாக என் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காப்பி கொடுத்துத்தான் அனுப்ப வேண்டியிருந்தது! அந்தக் கோஷ்டியின் எட்வின் சிட்னி வான்ஸ்பாலை அதே வருஷம் சென்னையின் எஃப்.சி. அழைத்துக்கொண்டது. 2020 மார்ச்சு 14-ல் கோவாவில், காலி மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டம் வரையில் அது போயிற்று. கல்கத்தாக் கோஷ்டியிடம் 1–3 என்று தோற்றது.

2017-க்குப் பிறகு அந்த மாதிரி முறை வைத்துப் பொறுக்குவது நின்றுவிட்டது. கோஷ்டிகள் நேராகப் பேசி ஆள் எடுக்கின்றன. அன்று விடாமல் வைத்துக்கொண்ட தாபா 2023-ல் மோகன் பகானுக்குப் போனார். நந்தகுமார் டில்லி, ஒரிஸா என்று சுற்றி அதே வருஷம் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். ஆகஸ்டு 12-ந் தேதி டூரண்டு கோப்பையில் இரண்டு கல்கத்தாக் கோஷ்டிகளும் மோதியபோது, ஒரே கோல் விழுந்தது. போட்டவர் நந்தகுமார். இரவு பத்து மணியானாலும் பெரியவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டாமல் தூங்கப் போகவில்லை.