தவிலுக்கு ஆடும் கலங்கள் காதுக்குள்ளே, தெரியுமா?

இணுவில் கந்தசுவாமி கோயில் திருவிழாவில் மேளச்சமா களைகட்டும்போது, உங்கள் காதுக்குள்ளும் ஓர் ஆட்டம் தொடங்கிவிடுகிறது, தெரியுமா? ஆடுவது ஏறத்தாழ 12,000 கலங்கள்! அதுவும் ஒரு காதில் மட்டும்!

புறமயிர்க்கலங்கள் என்று பெயர். உட்காதின் நத்தைச் சுருளுக்குள் மூன்று நிரையாக நிற்கும். ஒலி வந்ததும் நீளும், சுருங்கும், மறுபடி நீளும்... செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை! எந்தத் தசைக்கு இந்த வேகம் வரும்?

ஆட்டுவிப்பது யார்? பிரெஸ்டின் என்ற ஒரேயொரு புரதம்! நமது 7ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கும் எஸ்எல்சி26ஏ5 என்ற பரம்பரையலகுதான் அதை ஆக்குகிறது. 744 அமினோ அமிலங்கள்! கலமென்சவ்வில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் இந்தப் புரதத்துக்குத் தசையைப் போல ஏ.ரி.பி. எரிபொருள்கூட நேரடியாக வேண்டாம். மின்னழுத்தம் மாறினால் போதும், உருவம் மாறிவிடும்!

தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி பிறந்தது இணுவிலில்தான், 1933இல்! அவர் ஊரில் ஒரு சமாவுக்குக் காது கொடுத்துப் பாருங்கள். தவிலின் ஒரு முகமான தொப்பியில் கழி விழும் அடி, மறுமுகமான வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் எழுப்பும் நாதம், பக்கத்தில் நாதஸ்வரம். எல்லாம் ஒரே காற்றில் கலந்து வந்தாலும் தனித்தனியாகக் கேட்கிறதே, எப்படி? ஒலிகளைச் சுருதி சுருதியாகப் பிரிப்பதில் பெரும்பங்கு இந்தக் கலங்களுக்குத்தான்! எவ்வளவு பெரிய கொடை!

பிரெஸ்டின் இல்லாவிட்டால்? அது இல்லாத எலிகளை 2002இல் சோதித்தார்கள். கேள்திறன் 40 முதல் 60 டெசிபல் வரை போய்விட்டது!

கலம் ஆடுவதைக் கண்ணால் பார்க்க முடியுமா? முடியும்! ஆய்வாளர் ஜொனதன் ஆஷ்மோர், கினிப்பன்றியின் ஒரு மயிர்க்கலத்துக்கு ரொக் பாட்டை மின்துடிப்பாகக் கொடுத்தார். அந்தத் தனிக்கலம் தாளம் பிசகாமல் ஆடியது! படமே இருக்கிறது!

இதைவிட அதிசயம், காது கேட்பதோடு நிற்பதில்லை. தானும் ஒலி எழுப்புகிறது! 1978இல் டேவிட் கெம்ப் கண்டுபிடித்தார். இன்று, பிறந்த குழந்தை உறங்கும்போதே அதன் காதில் சிறு கருவியை வைத்து, அந்த மெல்லிய எதிரொலி வருகிறதா என்று பார்த்துவிடுகிறார்கள்!

அஸ்பிரினை மிக அதிகமாக விழுங்கினால் காது இரைந்து மந்தமாகும், ஏன் தெரியுமா? அதிலிருந்து வரும் சலிசிலேற்று, குளோரைட்டு அயனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு பிரெஸ்டினைப் பூட்டிவிடுகிறது! மருந்து இறங்கியதும் பூட்டும் திறக்கும்.

கோழிக்கு மயிர்க்கலம் செத்தால் புதிது முளைக்கும்! நமக்கோ செத்தால் செத்ததுதான். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒலிபெருக்கிக்கு நேரெதிரே நிற்பவர்களே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ!

பிரெஸ்டின் நம்மிடம் மட்டுமா இருக்கிறது? வௌவால் பறக்கிறது, டொல்பின் நீந்துகிறது. இரண்டும் எதிரொலியை வைத்தே இரை பிடிக்கும். இரண்டின் பிரெஸ்டினையும் ஒப்பிட்டார்கள். தனித்தனி வழியில் வந்த இரண்டிலும் ஒரே மாதிரியான அமினோ அமில மாற்றங்கள்!