குட்டியோடு வரவேண்டிய காகிதம்

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் தோட்டமுள்ள வீடுகள் குறைந்து, அடுக்கு வீடுகள் பெருகிவிட்டன. நாய் வளர்க்கும் ஆசை மட்டும் குறைந்தபாடில்லை. விடியற்காலையில் பெசன்ட் நகர்க் கடற்கரைக்குச் செல்வோர் லாப்ரடார், பீகிள், பக் எனப் பல தேசத்து நாய்களை ஓரிடத்திலேயே காணலாம். பிள்ளைகளின் நச்சரிப்புக்கு இணங்கிப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துக் குட்டி வாங்கும் பெற்றோரிடம் விற்பவர் தவறாமல் கூறும் சொல் ஒன்று உண்டு: "அசல் சாதி நாய் சார், பேப்பர் பின்னாலே வரும்." (மனிதரிடையே ஒழியவேண்டிய அச்சொல் நாய்ச் சந்தையில் நல்ல விலைக்குப் போகிறது!) பின்னால் வருவதாகச் சொன்ன அந்தக் காகிதம் பெரும்பாலும் வருவதேயில்லை.

அந்தக் காகிதம் யாது? நாயின் வமிசாவளியைக் காட்டும் பதிவுச் சான்றிதழே அது. லண்டன் மாநகரில் 1873ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கென்னல் கிளப், மறு ஆண்டிலேயே தன் முதல் வமிசாவளிப் பதிவேட்டை வெளியிட்டது. அதன் வழியில் பல நாடுகளிலும் இத்தகைய சங்கங்கள் எழுந்தன. நம் நாட்டில் இப்பணியைச் செய்து வருவது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா. அதன் தலைமை அலுவலகம் நம் சென்னையிலேயே உள்ளது.

பதிவு குட்டியிலிருந்து தொடங்குவதன்று. தாய் தந்தையரிடமிருந்து தொடங்குவது. கடுவனும் பெட்டையும் முன்னரே பதிவு பெற்றிருக்க வேண்டும். பெட்டை ஈன்றதும், அதனை வளர்ப்பவர் அவ்வீற்றுக் குட்டிகள் அனைத்தையும் சேர்த்துப் பதிவுக்கு விண்ணப்பிக்கிறார். கடுவனின் உடைமையாளரும் ஒப்பமிட வேண்டும். ஒவ்வொரு குட்டிக்கும் தோள்களுக்கிடையே, தோலின் அடியில், அரிசிமணி அளவுள்ள மைக்ரோசிப் ஊசியால் செலுத்தப்படுகிறது. அதிலுள்ள பதினைந்து இலக்க எண்ணே சான்றிதழிலும் இருக்கும். நாய் எங்கே திரிகிறது என்பதை அது காட்டாது. கருவியை அருகில் பிடித்தால் எண்ணை மட்டும் தெரிவிக்கும். ஆகவே, ஒரு நாயின் காகிதத்தை மற்றொரு நாய்க்குக் காட்டி ஏமாற்றுவது முன்போல் எளிதன்று.

இதனால் வாங்குவோர் அறியவேண்டுவது யாதெனில், கேட்கவேண்டிய வேளை பணம் கொடுப்பதற்கு முன்னரே என்பதுதான். தாய் தந்தையரின் சான்றிதழ்களைக் காட்டச் சொல்லுங்கள். குட்டியின் எண்ணைக் கருவியில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். உடைமையை உங்கள் பெயருக்கு மாற்றும் படிவத்தில் விற்பவரின் ஒப்பத்தைப் பெறுங்கள். வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதும், எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது என்பதும் மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகள். நாற்பது நாள் குட்டியைக் கூடையில் வைத்து நீட்டுபவர் காகிதத்தை மட்டும் ஒழுங்காக வைத்திருப்பாரா?

மாநகராட்சி உரிமம் வேறு, இது வேறு. தெருநாயை எடுத்து வளர்த்தாலும் மாநகராட்சி உரிமம் வேண்டும்; வெறிநோய்த் தடுப்பூசியும் வேண்டும். வமிசாவளிச் சான்றிதழோ, கண்காட்சியில் நிறுத்தவும் இனம் பெருக்கவும் எண்ணுவோர்க்கே இன்றியமையாதது. அதைக்கொண்டு நாயின் உடல்நலத்தை அறியவும் இயலாது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு இனங்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாய் வருவதுண்டு. உயர்ந்த வமிசாவளியுள்ள குட்டிக்கும் அது வரலாம். ஆயினும் பாட்டன் பாட்டியின் பெயர்கள் எழுத்தில் இருந்தால், ஒரே குடும்பத்து நாய்களையே மீண்டும் மீண்டும் இணை சேர்த்திருக்கிறார்களா என்பதையாவது கண்டுகொள்ளலாம்.

இந்த எழுத்து இல்லாத குறை மிகுதியாய்த் தாக்கியது நம் நாட்டு இனங்களையே. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை தென்மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. வளர்த்தோருக்குத் தம் நாயின் பரம்பரை மனப்பாடம். ஆனால் ஏட்டில் ஏற்றியவர் சிலரே. சைதாப்பேட்டையில் 1980-81ஆம் ஆண்டில் தமிழக அரசு இவ்வினங்களுக்கென ஒரு பெருக்க நிலையம் தொடங்கியது. அங்கே நாய்கள் வைக்கப்பட்டிருந்த நிலை குறித்து விலங்கு நல ஆர்வலர்கள் நீதிமன்றம் சென்றதன் பின், 2010களின் பிற்பகுதியில் அது மூடப்பட்டது. 2005ஆம் ஆண்டு அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தலைகளில் இராஜபாளையமும் ஒன்று. தலையில் முகம் பொறித்துப் பெருமை செய்தாயிற்று. வமிசாவளி எழுதப்பட்ட குட்டியைத் தேடித்தான் அலையவேண்டியிருக்கிறது.

இராஜபாளையத்துக்கு விரும்பப்படும் தூய வெண்ணிறத்தோடு ஒரு துன்பமும் ஒட்டி வருகிறது. வெண்ணிறக் குட்டிகளுள் சில பிறவியிலேயே செவிடாக இருக்கும். செவிட்டுத் தாய் தந்தையரை ஒதுக்கி இணை சேர்த்தால் இது குறையும். அதற்கும் எந்தக் குட்டி யாருடையது என்ற ஏடு வேண்டுமன்றோ? அத்தகைய ஏடு இல்லாத இடத்தில் வாங்கநேரின், குட்டியைக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்து, அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். மற்றக் குட்டிகளோடு இருக்கையில் அவை திரும்புவதைக் கண்டு செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும். ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இச்சோதனையால் கண்டறிய இயலாது. அதற்குக் கால்நடை மருத்துவரிடம் செல்லவேண்டும்.