கூடுதலாக ஒரு மணி நேரம். கைநழுவுவது 2,585 பவுண்ட்

விடியும் முன்னே அலுவலகம் கூட்டித் துடைக்கும் வேலை; மாலையில் கடையில் கல்லா. பிரிட்டனில் இப்படி இரண்டு முதலாளிகளிடம் பகுதிநேரமாக உழைக்கும் ஒரு பெண், ஒவ்வோர் இடத்திலும் வாரம் 10 மணி நேரம் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட். ஆக, ஓரிடத்துச் சம்பளம் 122.10. அந்த ஆண்டில் முதலாளியிடம் பேறுகாலச் சம்பளம் கேட்க, அதே முதலாளியிடம் வாரத்துக்குச் சராசரியாக 125 பவுண்டாவது வாங்கியிருக்க வேண்டியிருந்தது. 2.90 பவுண்டில் வாய்ப்புப் போகிறது. அடுத்த இடத்திலும் அதே கதை. இரண்டையும் கூட்டினால் 244 பவுண்ட் வரும். கூட்டக் கூடாது என்கிறது சட்டம்.

அவருக்கு அரசு தரும் மெட்டர்னிட்டி அலவன்ஸ் இருக்கிறது. அதற்கு மட்டும் இரு சம்பளத்தையும் கூட்டலாம். அந்த நிதியாண்டுக் கணக்கில், மொத்தத்தில் 90 சதவீதம் அல்லது 187.18 பவுண்ட், எது குறைவோ அது, வாராவாரம் 39 வாரம் வரை வரும். இவருக்கு 187.18.

இப்போது அவருடைய தோழியைப் பாருங்கள். அதே இரண்டு வேலைதான். துப்புரவு வேலை மட்டும் 11 மணி நேரம், சம்பளம் 134.31 பவுண்ட். வரம்பைத் தாண்டிவிட்டார். அந்த முதலாளி பேறுகாலச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். எவ்வளவு? அந்த ஒரு சம்பளத்தில் 90 சதவீதம், 120.88. கடைச் சம்பளத்துக்கு ஒன்றுமில்லை. அலவன்ஸாவது கேட்கலாமா? ஓரிடத்தில் பேறுகாலச் சம்பளத்துக்கு உரிமை வந்துவிட்டால் அதுவும் கிடையாது. வாரம் 66.30 பவுண்ட் குறைவு. 39 வாரத்துக்கு 2,585.70. கூடுதலாக உழைத்தவருக்கு இந்த நஷ்டம்!

இரண்டு இடத்திலும் 11 மணி நேரம் பார்த்தவருக்கோ இரு முதலாளிகளும் தர வேண்டும்: 241.76.

வேறிடத்துச் சம்பளத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன் என்பார் முதலாளி. நியாயம்தான். ஆனால் கொடுத்ததில் 92 சதவீதத்தை அவர் அரசிடமிருந்து ஈடுகட்டிக்கொள்ளலாம். சிறு முதலாளிக்கு அந்த நிதியாண்டில் 108.5 சதவீதம். பெரும்பகுதி அரசுப் பணம் என்னும்போது, அரசே இரு சம்பளத்தையும் கூட்டிப் பார்ப்பதில் என்ன தடை?

குறைந்த வருமானத்தாருக்கான அரசு உதவியான யுனிவர்சல் கிரெடிட் வாங்குபவரானால் முதல் பெண்ணும் தப்புவதில்லை. அலவன்ஸில் வரும் ஒவ்வொரு பவுண்டும் அந்த உதவியிலிருந்து அப்படியே கழிக்கப்படுகிறது. பேறுகாலச் சம்பளமோ கூலியாகக் கருதப்படுவதால் பவுண்டுக்கு 55 பென்ஸ் மட்டுமே குறையும்.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது தோழியின் நிலை. துப்புரவு வேலைக்கான பேறுகாலச் சம்பளம் வாங்கிக்கொண்டே, ஏற்கெனவே பார்த்துவந்த கடை வேலைக்கு அவர் திரும்பலாம்; சட்டம் தடுக்காது. பிரசவத்துக்குப் பின் கட்டாய ஓய்வு 2 வாரம், தொழிற்சாலையானால் 4 வாரம், அவ்வளவே. பச்சை உடம்போடு கல்லாவில் நிற்பதா, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பதா என்பதை அந்த 66 பவுண்ட் முடிவு செய்துவிடும். கையில் காசிருப்பவர் ஒரு வருடம் விடுப்பில் இருப்பார். இவரால் எத்தனை வாரம் முடியும்?

லண்டனின் ஈஸ்ட்ஹாமிலோ ஹாரோவிலோ இரண்டு இடத்தில் வேலை பார்க்கும் மகளோ மருமகளோ இருந்தால் இன்றே சொல்லுங்கள். பேறுகாலச் சம்பளத்துக்கு, பிரசவத் தேதிக்கு முந்தைய 15-ஆவது வாரத்தை ஒட்டிய 8 வாரச் சம்பளம்தான் கணக்கு. நான்காம் மாதத்திலேயே இரு சம்பளச் சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். இரண்டு இடத்திலும் பேறுகாலச் சம்பளம் இல்லை என்றால், அதைத் தெரிவிக்கும் எஸ்எம்பி1 படிவத்தை முதலாளிகளிடம் எழுதி வாங்கிக்கொண்டு அலவன்ஸுக்கு விண்ணப்பிக்கட்டும்.