'வெளியே போ!' அம்பயர் இப்படி எப்போது சொல்வார்?

கோவையில் 2025-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி ஒரு கிரிக்கெட் பந்தயம் நடந்தது. அது தமிழ்நாடு பிரிமியர் லீக் போட்டி. திண்டுக்கல் டிராகன்ஸ் அணியும் திருப்பூர் தமிழன்ஸ் அணியும் மோதின.

திண்டுக்கல் கேப்டன் ரவிச்சந்திரன் அஸ்வின் ஆடிக்கொண்டு இருந்தார். டெஸ்ட் பந்தயங்களில் 537 விக்கெட்டுகளைச் சாய்த்தவர் அவர். திருப்பூர் கேப்டன் சாய் கிஷோர் வீசிய பந்து அவர் காலில் பட்டது. பெண் அம்பயர் விரலை உயர்த்தினார். எல்.பி.டபிள்யூ. அவுட்!

அஸ்வினுக்குக் கோபம் பொங்கியது. பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்தது என்று வாதாடினார். அம்பயர் தீர்ப்பை மாற்றவில்லை. திரும்பி நடந்த அஸ்வின், தன் கால்காப்பை மட்டையால் ஓங்கி அடித்தார்.

பந்தயம் முடிந்த பிறகு விசாரணை நடந்தது. தீர்ப்பை எதிர்த்ததற்காக, அந்த ஆட்டத்துக்கு உரிய ஊதியத்தில் 10 சதவீதம் அபராதம். ஆட்டக் கருவியை அடித்ததற்காக 20 சதவீதம். ஆக மொத்தம் 30 சதவீதம். அஸ்வின் தண்டனையை ஏற்றுக்கொண்டார்.

"அவ்வளவு கோபப்பட்டவரை, பந்தயத்தை விட்டே விலக்கி இருக்கலாமே?" என்று சிலர் கேட்கலாம். அது அவ்வளவு எளிது அல்ல. கோபப்பட்டவர்களை எல்லாம் வெளியே அனுப்பினால், மைதானத்தில் ஆள் மிஞ்சாது!

நான்கு படிகள்

கிரிக்கெட் விதிகளை வகுப்பது லண்டனில் உள்ள எம்.சி.சி. என்ற கிளப். முரட்டு ஆட்டக்காரரை வெளியேற்றும் அதிகாரம் 2017 அக்டோபரில்தான் விதிப் புத்தகத்தில் ஏறியது. குற்றங்களை அது நான்கு படிகளாகப் பிரிக்கிறது.

முதல் படி: தீர்ப்பை எதிர்த்து முணுமுணுப்பது, ஸ்டம்பை உதைப்பது போன்றவை. இதற்கு எச்சரிக்கை. பிறகு அதே அணியில் யார் இப்படிச் செய்தாலும் எதிர் அணிக்கு 5 ரன்.

இரண்டாம் படி: கடுமையாக எதிர்ப்பது, மிகக் கேவலமாகத் திட்டுவது, வேண்டும் என்றே எதிரியை இடிப்பது. உடனே 5 ரன் போய்விடும்.

மூன்றாம் படி: அம்பயரைச் சொல்லாலோ சைகையாலோ பயமுறுத்துவது. 5 ரன்னும் போகும். ஆளும் சிறிது நேரம் வெளியே நிற்கவேண்டும். 20 ஓவர் பந்தயமானால் 4 ஓவர்.

நான்காம் படி: அம்பயரை அடிப்பேன் என்று மிரட்டுவது, யார் மீதாவது கை வைப்பது. இதற்கு 5 ரன்னோடு, பந்தயம் முடியும்வரை வெளியேற்றம். அவருக்குப் பதில் ஆள் கிடையாது!

சொல் சுடும் வரை எச்சரிக்கை. கை ஓங்கினால் கதவு. இதுதான் கணக்கு.

சாவி யாரிடம்?

சாப்ட்பால், பேஸ்பால் ஆட்டங்களில் அம்பயர் ஒருவரே கையை வீசி ஆளை வெளியேற்றிவிடலாம். கிரிக்கெட்டில் அப்படி இல்லை. முதலில் ஆட்டத்தை நிறுத்தவேண்டும். இரண்டு அம்பயர்களும் கலந்து பேசவேண்டும். பிறகு கேப்டனை அழைத்து முடிவைச் சொல்லவேண்டும். ஆட்டக்காரரை வெளியே அனுப்பவேண்டியவர் கேப்டன்தான். அவர் மறுத்தால், எதிர் அணி வென்றதாகவே அம்பயர்கள் அறிவிக்கலாம்.

திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டைப் பற்றிச் சொல்லித்தரவேண்டாம். விதி என்பது பூட்டு. அதன் சாவி கேப்டன் கையில் இருக்கிறது. அந்தக் கேப்டனே கோபப்பட்டால்? அதனால்தான் கோவைச் சம்பவம் இத்தனை பேச்சுக்கு இடமானது.

புரியாத உத்தரவு

1966-ல் லண்டனில் நடந்த உலகக் கால்பந்துப் போட்டியிலும் இப்படித்தான். அர்ஜென்டினா கேப்டன் ரட்டினை வெளியேறும்படி ஜெர்மனி நாட்டு நடுவர் உத்தரவிட்டார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ரட்டின் நகர மறுத்தார். பல நிமிடம் ஆட்டம் நின்றது!

இந்தத் தகராற்றை யோசித்துக்கொண்டே காரில் போனார், கென் ஆஸ்டன் என்ற ஆங்கில நடுவர். சாலையில் விளக்கு மஞ்சளாகி, சிவப்பானது. பிறந்தது யோசனை! 1970 மெக்சிகோ உலகப் போட்டியில் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் வந்தன. இன்று நம் கபடியிலும் அட்டை உண்டு. பச்சை என்றால் எச்சரிக்கை. மஞ்சள் என்றால் 2 நிமிடம் வெளியே. சிவப்பு என்றால் அன்றைய ஆட்டமே முடிந்தது.

ஊர்ப் பந்தயத்தில்

ஊர் மைதானத்தில் அபராதம் போட அதிகாரி கிடையாது. படம்பிடித்துப் பார்க்கக் கேமராவும் கிடையாது. பல நேரம் ஆடும் அணியின் ஆளே அம்பயராக நிற்பார். அவருக்குத் துணை, நிதானம் ஒன்றுதான்.

எதிர்ப்பவர் சொல்வதை ஒரு முறை கேட்கவேண்டும். அவரை நோக்கி முன்னேறிப் போகக்கூடாது. அவர் குரல் ஏறினால், அம்பயர் குரல் இறங்கவேண்டும். திட்டுக்குத் திட்டு கூடாது. கேப்டனை அழைத்து, "இது எச்சரிக்கை. இன்னும் மிஞ்சினால் உங்கள் ஆளை விலக்கவேண்டி இருக்கும்" என்று தெளிவாகச் சொல்லவேண்டும். சொன்னபின் மிஞ்சினால் தயங்கக்கூடாது. தயங்கினால், அடுத்த பந்தில் எல்லோருமே அம்பயர் ஆகிவிடுவார்கள்!

அம்பயரும் மனிதர்தான், தவறலாம். ஆனால், மிரட்டலுக்குப் பயந்து ஒருவர் தீர்ப்பை மாற்றினால், நாளை அந்த இடத்தில் நிற்க யாரும் வரமாட்டார்கள். குறிப்பாக, இப்போதுதான் துணிந்து வரும் பெண்கள் வரமாட்டார்கள். அம்பயர் இல்லாவிட்டால் ஆட்டம் ஏது?

பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோர் இதையும் சொல்லி அனுப்பலாம்: "அவுட் என்றால் வந்துவிடு. சந்தேகம் இருந்தால் கேப்டன் கேட்கட்டும்!"