கணிப்பொறியின் சாவி யாரிடம்?

பாதுகாப்பு என்னும் சொல் கோலார் தங்கவயல் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. பொன் களவு போகாதிருக்கச் சட்டமும் காவலும் அங்கே கடுமையாக இருந்தன. 1930-ஆம் ஆண்டில் விரல் ரேகைப் பதிவு கட்டாயமாக்கப்பட்டபோது, சுரங்கத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். அரசின் தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. இன்று அங்கிருந்து பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருவில் பணிபுரிகின்றனர். அவர்தம் இல்லங்களில் கணிப்பொறியும் உண்டு. காவலின் கட்டுப்பாடு யார் கையில் என்ற பழைய கேள்வியை நாம் இப்பொறியைக் குறித்தும் கேட்க வேண்டியுள்ளது.

இப்போது விற்கப்படும் கணிப்பொறிகளில் இருவகைக் காவல்கள் உள்ளன. ஒன்று, டி.பி.எம். எனப்படும் பாதுகாப்புச் சில்லு. அது மறைக்குறிகளைக் காத்து, பொறி இயங்கத் தொடங்கும்போது எந்த நிரல்கள் ஓடின என்பதையும் குறித்து வைக்கிறது. மற்றொன்று, செக்யூர் பூட் என்னும் முறை. ஏற்கப்பட்ட மின்கையொப்பம் உள்ள நிரலை மட்டுமே அது தொடங்க விடும். தீய நிரல்கள் முன்னதாகவே நுழைவதை இது தடுக்கிறது. நன்மையே.

ஆயினும், எந்தக் கையொப்பம் ஏற்கத்தக்கது என்பதை முடிவு செய்பவர் யார்? பெரும்பாலான பொறிகள் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் சாவிகளுடனேயே விற்பனைக்கு வருகின்றன. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முத்திரை பெற்ற சாதாரணக் கணிப்பொறிகளில், உரிமையாளர் இக்காவலை நிறுத்திக்கொள்ள வழி இருத்தல் வேண்டும் என்பது விதி. ஏ.ஆர்.எம். வகைப் பொறிகளிலோ அவ்வழி மூடப்பட்டது. 2015-இல் வந்த விண்டோஸ் 10 முதல், சாதாரணப் பொறிகளிலும் அது தயாரிப்பாளர் விருப்பத்திற்கு விடப்பட்டது. 2021-இல் வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 வேண்டும் என்றது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய பொறிகள் பல இதனால் விலக்கப்பட்டன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது.

நாம் செய்யத்தக்கவை சில உண்டு. பொறி வாங்குமுன், செக்யூர் பூட்டை நிறுத்தும் வசதி உண்டா என்று கடைக்காரரைக் கேட்கலாம். பழைய பொறியை எறிந்துவிடாமல் லினக்ஸ் ஏற்றிப் பயன்படுத்தலாம். உபுண்டு போன்றவை இக்காவலை நிறுத்தாமலே இயங்கும். எந்த அமைப்பை மாற்றுவதாயினும், முதலில் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்தல் வேண்டும். அச்சாவி இல்லையேல், பிள்ளைகளின் சான்றிதழ்களும் குடும்பப் படங்களும் நம் பொறியிலேயே நமக்கு எட்டாமற் போகக்கூடும்.

வீட்டிற்குப் பூட்டு வேண்டுவதே. அதன் சாவி வீட்டுக்குடையவரிடமும் இருத்தல் வேண்டும்.